உள்ளே வைத்த கதிரும் வாசலில் கட்டிய வேப்பிலையும்

கதிர் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வலிக்குமாக்கா?" கோயிலில் கேட்பார்கள், பாசாரில் மீன்கடைக்கு முன்னால் கேட்பார்கள். ஒருத்தி ஈப்போ சிலிபினில் இருக்கும் என் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வாம்மா என்று கூப்பிட்டு, துண்டு கொடுத்து, தேத்தண்ணி போட்டு வைத்துச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கும் வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். எனக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது. போன மாதம் எடுத்த ஸ்கேனிலும் கட்டி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்கள் நடுங்காமல் படிக்கலாம்.

மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆன பிறகு மறுபடியும் இரத்தம் பட்டது. நான் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு எண்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. உடம்புச் சூடு என்றாள் என் நாத்தனார் ராஜம்மா. எங்கள் குடும்பத்தில் தலைவலியிலிருந்து தாலி அறுந்துபோவது வரை எல்லாவற்றுக்கும் அவள் சொல்லும் காரணம் சூடுதான். ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். இரத்தம் நிற்கவில்லை. அரசாங்க கிளினிக்குக்குப் போனேன், அங்கிருந்து ஈப்போவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையின் வாயிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். அதற்குப் பெயர் பயாப்சி. முடிவு சொல்லும் நாளில் என் வீட்டுக்காரர் கூடவே இருந்தார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர், காலை ஓட்டத்துக்கும் மத்தியான ஓட்டத்துக்கும் இடையில் வந்திருந்தார். என் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சீனப் பெண்மணி. மலாயில் நிதானமாகப் பேசுவார். "கேன்சர்" என்று சொல்லிவிட்டு, நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார். நான் "யா, டாக்டர்" என்றேன். பள்ளியில் பிள்ளைகள் கேள்வி கேட்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வரும். ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எனக்கு வாயில் வருவது "யா" ஒன்றுதான். காரில் ஏறிய பிறகு, "என்னாங்க, ஏதாவது கேட்டிருக்கலாம்ல" என்றேன். "நீதானே டீச்சரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் காரைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

பிறகு எம்.ஆர்.ஐ. அது காந்தத்தை வைத்து உடம்புக்குள் படம் எடுக்கும் இயந்திரம், உலோகம் எதுவும் கூடவே போகக்கூடாது. தாலி சுலபமாக வந்துவிட்டது. மூக்குத்திதான் வரமாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு முன்பு போட்டது, கழற்றியதே இல்லை. ஒரு மலாய்ப் பெண் சோப்பு நுரையைத் தடவி, என் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறதா மக்சிக், வலிக்கிறதா மக்சிக் என்று சொந்த அத்தையைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே கழற்றினாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கட்டி எவ்வளவு பெரியது, எங்கே வரை போயிருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

முதலில் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சினார்கள். பெரிய இயந்திரத்துக்கு அடியில் அசையாமல் படுத்தால் போதும். வாரம் ஒரு முறை மருந்து ஏற்றினார்கள், அதுதான் வாந்தி. கறுப்புக் காப்பி வாசனை கூடப் பிடிக்கவில்லை. அதெல்லாம் முடிந்த பிறகு டாக்டர் படத்தைக் காட்டி, கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது, மிச்சத்தை உள்ளிருந்து கவனிக்க வேண்டும் என்றார். கர்ப்பப்பைக்கு உள்ளேயே கதிரைக் கொண்டுபோய் வைக்கும் சிகிச்சை, மொத்தம் நான்கு தடவை. தள்ளிப்போடக் கூடாது, கதிர் முழு அளவும் கட்டிக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் திரும்ப வர வாய்ப்பிருக்கிறது என்றார். "யா, டாக்டர்" என்றேன்.

வெளியே வந்தபோது அந்த அறைக் கதவில் ஒரு படத்தைப் பார்த்தேன். வயிறு தள்ளிய ஒரு பெண், அவள்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது. அதற்கு முன்பும் எத்தனையோ தடவை அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. என் ஒரே மகள் புவனா அப்போது ஏழு மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி, இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. கர்ப்பிணி கதவுக்குப் பக்கத்தில் போனாலே ஆகாது என்கிறார்கள், அந்தக் கதிரையே என் வயிற்றுக்குள் வைக்கப்போகிறார்கள் என்றால் நான் அவளுக்குப் பக்கத்தில் போகலாமா? இதை யாரிடமும் கேட்கவில்லை. நானே கேட்டேன், நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

புவனா கணவனோடு கமுந்திங்கில் இருக்கிறாள். அன்றைக்கே போன் போட்டேன்.

"பிள்ளை பிறக்கற வரைக்கும் நீ இங்க வரக்கூடாது. நானும் அங்க வரமாட்டேன்" என்றேன்.

"என்னம்மா சொல்ற? வளைகாப்புக்கு?"

"வரமாட்டேன்."

மறுநாள் திரும்பக் கூப்பிட்டாள். "அம்மா, கிளினிக் மிஸ்ஸிக்கிட்ட கேட்டேன். ஒன்னும் ஆகாதாம்லா. நீ சும்மா பயப்படாத" என்றாள். பிள்ளை பார்க்கிற நர்ஸுக்குக் கேன்சர் மருந்தைப் பற்றி என்ன தெரியும், இரண்டு முறை பட்டது போதாதா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். எனக்கு வேண்டியதே அவள்தான். வாந்தி எடுக்கும்போதெல்லாம் முதுகைத் தடவிவிட அவள் இருக்கமாட்டாளா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். நானும் அவளும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அங்கே ஒரு வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு மனப்பாடம். வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். வெளியாள் வரக்கூடாது, முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சி வரக்கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. படுத்திருப்பவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய், குளிர்ச்சியான சாப்பாடு.

நான் சொன்னதைக் கேட்டதும் ராஜம்மா யோசிக்கவே இல்லை. "கண்ணுக்குத் தெரியாம உடம்புக்குள்ள சூடு. ஒட்டிக்கவும் செய்யும்ங்கிற. அப்ப இதுவும் அம்மை மாதிரிதானே அண்ணி. அம்மை வீடு மாதிரியே வச்சுக்கலாம்" என்றாள்.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை, ராஜம்மா சொன்னது முழுக்கப் புரிந்தது. முதல் சிகிச்சைக்குப் போகும் காலையிலேயே வாசலில் வேப்பிலை தொங்கியது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் அதைப் பார்த்து, ஏதோ திருவிழா போல என்று என் வீட்டுக்காரருக்கு வாழ்த்துச் சொன்னார்.

இப்போது அந்த முதல் நாள். இடுப்பில் ஊசி போட்டு, கீழ்ப்பாகத்தை மரக்கவைத்தார்கள். சிறுநீர் போக ஒரு குழாய். பிறகு கர்ப்பப்பை வாய் வழியாக ஒல்லியான கருவி ஒன்றை உள்ளே வைத்து, அது நகராமல் இருக்க மெல்லிய துணியை அடைத்தார்கள். வலி இல்லை, அழுத்தம் இருந்தது. அந்தக் கருவியோடேயே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தில் கட்டி இருந்த இடத்தையும், சிறுநீர்ப்பையையும், மலக்குடலையும், குடலையும் கோடு போட்டுக் குறிக்கிறார். கதிர் எங்கே எவ்வளவு நேரம் நின்றால் கட்டிக்கு முழுக்கப் போகும், மற்றதெல்லாம் தப்பிக்கும் என்று கணக்குப் போடுவதற்கு ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு வாய்த்தவர் லதா என்ற தமிழ்ப் பெண். கணக்கு முடிகிற வரைக்கும் நாம் மல்லாந்து கிடக்க வேண்டும். காலைக் கூட மடக்கக் கூடாது, அசைந்தால் உள்ளே இருப்பதும் அசையும், படம் ஒன்றாகவும் உடம்பு ஒன்றாகவும் ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் புதுப் படம், புதுக் கணக்கு. ஏனென்றால் உள்ளே இருக்கும் உறுப்புகள் ஒரு நாள் இருந்த இடத்தில் இன்னொரு நாள் இருப்பதில்லை.

கடைசியில் கருவியை இயந்திரத்தோடு குழாய்களால் இணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். கனமான கதவு மூடியது. கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்று ஸ்பீக்கரில் சொன்னார்கள். கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் முருகனைக் கும்பிடப் பார்த்தேன், புவனாவின் முகம்தான் வந்தது. அந்தத் தனிமை மட்டும்தான் கஷ்டம். வலிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. ராஜம்மா என் இடத்தில் போய் நின்றாள், நான் கட்டிலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தேன். யாரோ போனைச் சாம்பிராணிப் புகைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார்கள், புவனாவின் கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. "அம்மா, பாக்குறியா?" என்று ஒரு முறை கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். எத்தனை வருடம் காத்திருந்த வளைகாப்பு. என் கையால் ஒரு வளையல் போடக் கொடுத்துவைக்கவில்லையே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

வீட்டில் அம்மை விதிகள் பலமாக நடந்துகொண்டிருந்தன. உள்ளே சூடு வைத்தாயிற்று, இனி குளிர்ச்சிதான் என்று ராஜம்மா அள்ளி அள்ளிக் கொடுத்தாள். வெள்ளரிக்காய், தர்பூசணி, பார்லித் தண்ணீர், சின்ன வெங்காயம் போட்ட மோர். அடுத்த சிகிச்சைக்கு முதல் நாள் லேசான சாப்பாடு மட்டும் சாப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எங்களுக்கு லேசான சாப்பாடு என்றால் கஞ்சிதானே. பச்சைப்பயறு போட்டுப் பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சி வந்தது. என் வீட்டுக்காரருக்கோ தாளிக்காத சாம்பார் இறங்கவில்லை.

"ராஜம், ரெண்டு கடுகு போட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்றார்.

"அண்ணே, அண்ணி உயிரு பெருசா, உங்க நாக்கு பெருசா?" என்றாள்.

அவர் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தார். பஸ் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது சிகிச்சை. அதே ஊசி, அதே கருவி, ஸ்கேன். படுத்திருந்தேன். போன தடவையை விட நேரமாவது போலிருந்தது. டாக்டரும் லதாவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். பிறகு இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். கட்டி திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

டாக்டர் மலாயில் சொன்னார். கட்டிக்கு ஒன்றும் இல்லை, குடல்தான் தொந்தரவு செய்கிறது. இந்தப் படத்தை வைத்து முழு அளவு கொடுத்தால் குடல் வெந்து புண்ணாகும், குடலைக் காப்பாற்றினால் கட்டிக்குப் போக வேண்டியது போகாது. லதா திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

"இந்தக் கறுப்பா ஊதிக்கிட்டு இருக்குல்ல, இது உங்க குடல்கா. உள்ள பூரா காத்து. போன வாரம் இது தூரமா இருந்துச்சு. இப்ப கருவிமேலயே வந்து உக்காந்திருக்கு. என்னக்கா சாப்டீங்க?"

"குளிர்ச்சியா சாப்பிட்டேன்" என்றேன்.

"குளிர்ச்சியான்னா?"

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பயறு, வெள்ளரி, மோர், பார்லி. ஏன் என்று கேட்டார். சூடு தணிய என்றேன். என்ன சூடு என்றார். உள்ளே வைத்த கதிர் என்றேன். அப்படியே வேப்பிலை, தனித் தட்டு, கமுந்திங்கில் இருக்கும் மகள், நான் போகாத வளைகாப்பு என்று எல்லாம் வந்துவிட்டது. டாக்டருக்கு லதா மலாயில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். வேப்பிலை என்று வந்ததும் லதா கொஞ்சம் சிரித்தார். மகள் என்று வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அக்கா, நான் சொல்றத நல்லா கேளுங்க" என்றார் லதா. "உங்க உள்ள கதிர விட்டுட்டு வாரதில்ல. அது ஒரு சின்னத் துணுக்கு, அரிசியில பாதிகூட இருக்காது. கம்பி நுனியில இருக்கும். மெஷின்ல இருந்து குழாய் வழியா உள்ள போகும், நாங்க போட்ட கணக்குப்படி நிக்கும், திரும்ப மெஷினுக்கே வந்துரும். அது வெளிய வந்துருச்சுன்னா உங்ககிட்ட ஒன்னுமே இல்ல. கதவுல இருக்கற படம் அந்த ரூமுக்குத்தான், உங்களுக்கு இல்ல. நீங்க வீட்டுக்குப் போய் மகளைக் கட்டிப் பிடிச்சுக்கலாம். பேரப் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கலாம்."

"உறுதியா?" என்றேன். என் வாழ்நாளில் மருத்துவமனையில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"உறுதியாக்கா. நானே ரெண்டு பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு இந்த டிப்பார்ட்மெண்ட்ல வேலை செஞ்சிருக்கேன்."

அவர்கள் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, திரும்பப் படம் எடுத்தார்கள். குடல் இறங்கியிருந்தது, முழுக்க இல்லை. அன்றைக்குக் கதிரின் அளவைச் சற்றுக் குறைத்துக் கொடுத்து, மீதியை அடுத்த தடவைகளில் ஈடுகட்டலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். அப்படியே ஈடுகட்டவும் செய்தார். ராஜம்மா வெள்ளைச் சோறு, மீன் சூப், நன்றாகத் தாளித்த ரசம் என்று மாறிக்கொண்டாள், அடுத்த இரண்டு முறையும் படம் சுத்தமாக வந்தது. அதனால் சொல்கிறேன், என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள். லேசான சாப்பாடு என்றால் என்ன என்றும் கேளுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரண்டாம் நாளின் மீதியைத்தான்.

கருவியை எடுத்துவிட்டு என்னை வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். என் வீட்டுக்காரர் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் அழுவதைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"கட்டி பரவாயில்ல. ஒன்னும் ஒட்டாதாம்ங்க. எதுவுமே ஒட்டாதாம். புவனாவக் கூப்பிடுங்க. இன்னிக்கே வரச் சொல்லுங்க. இல்ல, நாம கமுந்திங் போலாம், இப்பவே போலாம்" என்றேன்.

"நீ படுலா. வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போன் பேசத்தான் போகிறார் என்று நினைத்தேன். கமுந்திங்கிலிருந்து ஈப்போவுக்கு எவ்வளவு விரட்டி வந்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். வரும்போது என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசித்து முடிப்பதற்குள் வார்டுக் கதவைத் திறந்துகொண்டு புவனா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அப்பாவுக்கு முன்னால் நடந்து வந்தாள்.

என் கை தன்னால் போர்வைக்குள் போயிற்று. யாரையும் தொடாமல் இருந்த பழக்கம். அவள் அதைப் பார்த்தாள். போர்வையை விலக்கி என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எப்படிடி இவ்வளவு சீக்கிரம் வந்த?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலையிலயே வந்துட்டேன்மா. கீழ கேண்டீன்ல இருந்தேன். போன தடவையும் அங்கதான் இருந்தேன். அவரு நைட் ஷிப்ட் முடிச்சு நேரா கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு."

"இங்கயே இருந்துக்கிட்டு ஏன் மேல வரல? ஒன்னும் ஆகாதுன்னு உனக்குத்தான் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதுல்ல" என்றாள். "மணிக்கணக்கா ஆடாம அசையாமப் படுத்திருக்கணும்னு அப்பா சொன்னாரு. அசைஞ்சா எல்லாம் தப்பாயிடுமாம். நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சாலே நீ பயந்து அசைஞ்சிருவ. அதான் கீழயே இருந்தேன்."

நான் தனியாகக் கிடக்கிறேன் என்று அழுத நேரமெல்லாம் எனக்குக் கீழே, அந்த வயிற்றோடு, என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கேட்கத் தெரிந்ததைக் கேட்டேன்.

"என்ன சாப்பிட்ட?"

"மீ கோரிங்."

"காலங்காத்தால எண்ணெயில பொரட்டுன மீயா? இந்த வயித்தோட? அந்த ஏர்கான்ல, பிளாஸ்டிக் நாற்காலியில? காலு ரெண்டும் எப்படி வீங்கியிருக்கு பாரு. அறிவிருக்கா உனக்கு? உங்கப்பாவுக்காவது அறிவிருக்கா?"

என் வீட்டுக்காரர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புவனாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையைத் தப்பாகப் பிடித்துவிட்டேனோ, எங்கேயாவது வலிக்கிறதோ என்று நிறுத்தினேன்.

"திட்டும்மா" என்றாள். "வளைகாப்புல எல்லாரும் நல்லதாவே பேசினாங்க. ஒருத்தர்கூட என்னைத் திட்டல."

எனக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் மரத்துத்தான் கிடந்தது. வாய்க்கு ஒன்றும் இல்லை. அவள் கையை விடாமல், அழுதுகொண்டே, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.